ஓடக்காரி புருஷன் செத்த எடம்

எம் பொண்ணு திருச்சானூர்ல ஸ்பானிஷ் பாஷை சொல்லிக் குடுத்துகினு இருந்தா. இத சொன்னா எங்க ஊர்ல இன்னிக்கும் நம்ப மாட்டாங்க. வளையலு, குங்குமம், மஞ்சா விக்கிற கடைக்கு மேல ஒரு மாடி ரூமு. கீழ, கோயில்ல தாயாரக் கும்பிட்டு வந்தவங்க வளையலுக்குப் பேரம் பேசுற கூச்சல். மேல, சத்தியவேட்டுப் பசங்க வாயக் கோணிகினு அந்த பாஷையில வணக்கம் சொல்ற கூச்சல். ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் எங்கிட்டயே கேட்டான், "ஆயா, மேல இன்னா, பேய் ஓட்டுறாங்களா?"ன்னு. "ஓட்டல நைனா, வரவழைக்கிறாங்க"ன்னு சொன்னேன். அப்பறம் அவன் எங்க வாசல்ல வண்டி நிறுத்துறதே இல்ல.

அவளுக்கு அந்த பாஷை எப்படி வந்துச்சுன்னா, மருமவன் வேலைக்குன்னு அந்த தேசத்துக்குப் போனாரு, இவளும் கூடவே போனா. மொதல்ல தக்காளி வாங்க கத்துக்கினா. அப்பறம் தக்காளி விக்கிறவகிட்ட சண்ட போட கத்துக்கினா. சண்ட நல்லா வந்ததும், "இனிமே ஒழுங்கா படிக்கிறேன்"னு சாயங்கால பள்ளிக்கூடத்துக்குப் போயி பரீட்சையும் எழுதிட்டா. நான் ரெண்டாங்கிளாஸ்ல வாத்தியாரு தும்முனதுக்குச் சிரிச்சேன்னு வெளிய நிக்க வச்சாங்க, அப்படியே வெளியவே நின்னுட்டேன். எனக்குப் பொறந்தது இப்படி.

மருமவனுக்கு அங்க வேலை முடிஞ்சுது, திரும்பி வந்தாங்க. அவருக்கு பெங்களூர்ல வேலை. இவ இங்கயே இருப்பேன்னா. காரணம், சத்தியவேடு பக்கம் கம்பெனிங்க வந்திருந்துது. களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போய்க்கினு இருந்தவங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாம் நீலச் சட்டை மாட்டிகினு கம்பெனி பஸ்ஸுல ஷிப்டுக்குப் போச்சுங்க. அதுல ஒரு கம்பெனிக்கு மிஷினு எல்லாம் அந்த ஸ்பெயின் தேசத்துல இருந்து வருது. மிஷின் ஓட்டக் கத்துக்க ஆளுங்கள அங்க அனுப்பணும். அதுக்கு கொஞ்சம் பாஷை வேணும். பாஷைக்கு எம் பொண்ணு.

லீவு நாள்ல கம்பெனி பஸ்ஸே அவங்கள இஸ்துகினு வந்து எறக்கிட்டுப் போவும். வாரம் பூரா மிஷினோட மல்லுகட்டுன புள்ளைங்க, லீவு நாள்ல இவளோட மல்லுகட்டும்.

கம்பெனி மேனேஜரு தெலுங்குக்காரரு, நல்ல மனுஷன், எல்லாத்துக்கும் பயப்படுவாரு. அவரு எம் பொண்ணுகிட்ட வெளிப்படையா சொல்லிட்டாரு. "மேடம்காரு, ஸ்பெயின்ல இருந்து ஒரு அம்மா வருவாங்க. இவங்கள பேச வச்சிப் பாப்பாங்க. நல்லா பேசுனா கிளாஸு தொடர்ந்து நடக்கும், ஒரு பேட்சு முடிஞ்சா இன்னொரு பேட்சு. பேசலன்னா இதோட சரி."

இதோட சரின்னா இன்னா? ரூமப் பூட்டிட்டு இவ பெங்களூருக்குப் போவணும். அங்க காதுல மிஷின் மாட்டிகினு, போன்ல திட்டுறவங்களுக்கு எல்லாம் அதே பாஷையில "மன்னிச்சிக்குங்க"ன்னு சொல்ற வேலை ஒண்ணு தயாரா இருந்துது. போயி ஒரு நாளு பாத்துட்டு வந்தா. "யம்மா, அந்த பாஷையில எனக்கு சண்ட போடத்தான் புடிக்கும், மன்னிப்பு கேக்க புடிக்காது"ன்னா. அவ கவலையெல்லாம் அந்த மாடி ரூமு நிக்கணும், அவ்ளோதான்.

அந்த ஸ்பெயின் அம்மா இருக்குதே, கெட்டிக்காரி. "கேள்வி பதிலுன்னா மனப்பாடம் பண்ணிடுவாங்க. ஒரு கதைப்புஸ்தகம் அனுப்புறேன், படிங்க. அந்தக் கதையப் பத்தி பேசட்டும்"னு சொல்லிட்டு, வெத்தலக் கட்டு கனத்துல ஒரு புஸ்தகம் அனுப்பி வச்சிது. அந்த ஊரு மலைப்பக்கத்துல வாய்வழியா சொல்லிகினு வந்த கதையாம், அத யாரோ புஸ்தகமா எழுதிகீறாங்க.

நானு கடைசி பெஞ்சில ஒக்காந்துக்குவேன். அந்த ரூமுல பெரிய பேன் இருந்துது, எங்க வூட்ல சின்ன பேன். வேற காரணம் கிடையாது. ஆனா கதைன்னு ஆரம்பிச்சதும் பேன மறந்துட்டேன்.

கதை இதுதான். ஒரு பெரிய ஆறு. இந்தக் கரையில ஒரு ஊரு, அந்தக் கரையில ஒரு ஊரு. நடுவுல படகு ஓட்டுறவ ஒருத்தி, ஓடக்காரி. அவ புருஷன் சண்டைக்குப் போறான். இவ வேண்டிக்கிறா, "எம் புருஷன் திரும்பி வர வரைக்கும் யாரையும் எம் படகுல ஏத்த மாட்டேன்"னு. வருஷம் போவுது. அந்தக் கரையில பஞ்சம், சனங்க கையெடுத்துக் கும்பிடுறாங்க, ஏத்த மாட்டேன்றா.

எம் பொண்ணு அந்த பாஷையில ஒரு வரி படிப்பா, அப்பறம் அர்த்தம் சொல்லுவா. புள்ளைங்க எழுதிக்கும். வேண்டுதல் வந்த எடத்துல, சத்தியவேட்டுல இருந்து வர மீசைக்காரன் ஒருத்தன், மிஷின் ஆப்பரேட்டரு, கைய தூக்குனான்.

"மேடம், ஒரு டவுட்டு. சண்டை எந்தக் கரையில?"

"அந்தக் கரைக்கு அப்பால."

"அப்ப புருஷன் திரும்பி வரணும்னா ஆத்தத் தாண்டணும். தாண்டணும்னா படகு வேணும். இவதான் யாரையும் ஏத்த மாட்டேன்றாளே. அப்பறம் அவன் எப்படி மேடம் வருவான்?"

எம் பொண்ணு புஸ்தகத்தப் பாத்தா, பேனப் பாத்தா, என்னப் பாத்தா. நானு முந்தானைய வாயில வச்சிக்கினேன்.

"அது கதைப்பா"ன்னா.

"கதையா இருந்தாலும் பிளானிங் வேணும் இல்ல மேடம்?"

அன்னிக்குப் பாடம் அவ்ளோதான். ஆளாளுக்கு நியாயம் பேச ஆரம்பிச்சிட்டாங்க. பாதி தமிழு, பாதி தெலுங்கு. வேண்டுதல்னா வேண்டுதல்தான், மாத்தக் கூடாதுன்னு ஒரு கட்சி. வரதய்யபாளையத்துல இருந்து ஒரு பொண்ணு வரும், வாயத் தொறந்தா முத்து உதுந்துடும்னு மூடியே வச்சிருக்கும். அது கூட பேசுச்சு. "மலை மேல மொட்டை போடுறேன்னு வேண்டிகினு, முடி மேல ஆச வந்தா பூமுடின்னு கொஞ்சமா வெட்டிக் குடுக்கறது இல்லியா? சாமி ஒத்துக்கினுதானே கீறாரு? இவளும் அதுமாதிரி கொஞ்சமா கொறச்சிக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவ ஏத்தலாம்."

"ஆமாமே, லீவு நாள்ல மட்டும்"னான் மீசைக்காரன்.

எம் பொண்ணு தலையில கைய வச்சிகினு ஒக்காந்துட்டா. அவங்க பேசுனது அவளுக்கு சந்தோஷந்தான். ஆனா, "இதுல ஒரு வார்த்தையாவது அந்த பாஷையில பேசுங்கடா"ன்னு கேட்டா, மேய்ஞ்சிகினு இருந்த ஆட்டுக்கு முன்னால நாய் வந்தா மாதிரி எல்லாம் நின்னுடுச்சுங்க. வூட்டுக்கு வந்து சொன்னா, "யம்மா, புரியுது எல்லாருக்கும். வாயில வரல. வாயில வரலன்னா நான் காதுல மிஷின் மாட்டிக்க வேண்டியதுதான்."

"மாட்டிக்கோ. எங்கிட்ட பேசும்போதும் மன்னிப்பு கேட்டுப் பழகிக்கோ"ன்னேன். தலகாணிய தூக்கிப் போட்டா.

கடைசிப் பாகம் படிக்கிறதுக்கு இன்னும் நாளு இருக்குதுன்னு நெனச்சிகினு இருந்தா. ஆனா அந்த ஸ்பெயின் அம்மாவுக்கு ஏதோ பிளேன் மாறிப் போச்சுன்னு, சொன்ன நாளைக்கு முன்னாலயே வந்துடுச்சு. மேனேஜரு காலையில போன் பண்ணுறாரு, மத்தியானம் கூட்டிகினு வராரு.

நல்ல ஒசரம். கழுத்துல கோயில் கடையில வாங்குன பாசிமணி. மாடிப்படி ஏறும்போது தலைய இடிச்சிக்கினு சிரிச்சிது. எனக்கு அப்பவே புடிச்சிப் போச்சு. எம் பொண்ணு மட்டும் எங்காதுல, "நீ கடைசில ஒக்காரு, கொண்டாந்த சுண்டல கேட்டா குடு, வாயத் தொறக்காத"ன்னா.

மொதல்ல மீசைக்காரன் எழுந்தான். கதை எங்க நடக்குது, யாரு ஓடக்காரின்னு சொல்லணும். மனப்பாடம் பண்ணிகினு வந்திருந்தான். ரெண்டு வரி வந்துச்சு, மூணாவது வரி வழியிலயே எறங்கிக்கிச்சு. அடுத்தது வரதய்யபாளையத்துப் பொண்ணு. "ஆறு. பெருசு"ன்னு சொல்லிட்டு ஒக்காந்துடுச்சு. இதுவே அந்த பாஷையில ரெண்டு வார்த்தைதானாம். இப்படியே எல்லாரும். அந்தம்மா நல்ல மனசுக்காரி, ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டுச்சு. ஆனா மாவு ரொம்பப் புளிச்சிடுச்சுன்னு தெரிஞ்சும் தோசை ஊத்துறவ மொகம் எனக்குத் தெரியாதா? மேனேஜரு கைக்குட்டைய எடுத்து கழுத்தத் தொடச்சிக்கினாரு. எம் பொண்ணு செவுத்துல சாஞ்சி நின்னுகினு தரையப் பாத்தா.

அப்பறம் அந்தம்மா, பாவம், நாமளே கொஞ்சம் படிச்சிக் காட்டிட்டுப் போவலாம்னு புஸ்தகத்த எடுத்துது. எங்க விட்டிருந்தாங்களோ அங்க இருந்து படிச்சிது. நல்ல கொரலு. பாஷை தெரியாத எனக்கே கதை புரியறா மாதிரி இருந்துது. பக்கத்துல இருந்த புள்ள எனக்கு மெதுவா சொல்லிகினே வந்துச்சு.

புருஷன் வரான். கெழவனாயிட்டான், தாடி, கிழிஞ்ச துணி. அந்தக் கரையில நின்னு கூப்புடுறான். இவளுக்கு அடையாளம் தெரியல. "எம் புருஷன் வர வரைக்கும் யாரையும் ஏத்த மாட்டேன்"னு கத்துறா. அந்த வார்த்தையக் கேட்டதும் அவன், நாந்தான்னு கூட சொல்லாம, ஆத்துல எறங்குறான். நீஞ்சுறான். நடு ஆத்துல முழுகிப் போறான். அவன் தொப்பி மட்டும் மெதந்து வந்து அவ காலாண்ட ஒதுங்குது.

அந்த எடத்துல அந்தம்மா புஸ்தகத்த மூடிடுச்சு. சிரிச்சிகினே, போதும், நன்றின்னு சொல்லிட்டு கைப்பைய எடுத்துது. மேனேஜரு எழுந்து, "மெட்ராஸு ஏர்போர்ட்டு போவணும், வண்டி ரெடி, எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லுங்க"ன்னாரு.

ஒருத்தரும் எழுந்துக்கல.

நீங்க வெளியூருன்னா இது புரியாது, சொல்றேன். எங்க பக்கம் அம்மன் கோயில்ல தீமிதி வச்சா, அதுக்கு முன்னால தெனமும் மத்தியானத்துல கதை படிப்பாங்க. ராஜா, சண்டை, சூது, எல்லாம் வரும். யாராவது சாவுற பாகம் வந்தா, படிக்கிறவரு அங்க நிறுத்த மாட்டாரு. தொண்ட கட்டுனாலும் சரி, மழை வந்தாலும் சரி, ஒரு கல்யாணம், ஒரு புள்ளப்பேறு, ஒரு நல்லது வர வரைக்கும் படிச்சிட்டுதான் சூடம் காட்டுவாரு. கேக்க வந்தவங்களும் எழுந்துக்க மாட்டாங்க. சாவுல எழுந்து போனா, அந்த சாவு நம்ம கூடவே வூட்டுக்கு வந்துடும்னு ஒரு இது. இந்தப் புள்ளைங்க எல்லாம் அம்மா மடியில ஒக்காந்து அந்தக் கதை கேட்டு வளந்ததுங்க. நீலச் சட்டை போட்டா மட்டும் போயிடுமா?

மேனேஜருக்கு இது தெரியாது. அவரு கண்ணுக்கு இன்னா தெரியுது? கம்பெனி சட்டை போட்ட ஆளுங்க, எழுந்திருன்னு சொன்னா எழுந்துக்காம, கையக் கட்டிகினு ஒக்காந்துகினு கீறாங்க. மொகம் வெளுத்துப் போச்சு.

"ஏமய்யா, இது இன்னா, தர்ணாவா?"ன்னாரு. "இன்னா வேணும் ஒங்களுக்கு? கேன்டீன் சாப்பாடா? எதுன்னாலும் நாளைக்குப் பேசலாம், பாரின் மேடம் முன்னால வேணாம்!"

எம் பொண்ணுக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு, அவளும் அதே கோயிலு, அதே கதை கேட்டவதானே. சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள அந்த வாய் தொறக்காத வரதய்யபாளையத்துப் பொண்ணு எழுந்து நின்னுச்சு. நேரா அந்தம்மாவப் பாத்து, அவங்க பாஷையில சொல்லுச்சு. "ஸெஞோரா, போவாதீங்க. அவன் செத்துட்டான். இ தெஸ்புவேஸ்?"

இ தெஸ்புவேஸ்னா, அப்பறம் இன்னாச்சுன்னு அர்த்தமாம். அன்னிக்கு அத எத்தினி தடவ கேட்டேனோ, எனக்கே மனப்பாடம்.

அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. எம் பொண்ணப் பாத்துது. இவ மெதுவா சமாச்சாரத்த சொன்னா. அந்தம்மா மேனேஜரப் பாத்துது, கடியாரத்தப் பாத்துது, அந்தப் பொண்ணப் பாத்துது. அப்பறம் கைப்பைய மடியில வச்சிகினு மறுபடியும் ஒக்காந்துடுச்சு. மீதிக் கதைய வாயாலயே சொல்ல ஆரம்பிச்சிது.

எங்க புள்ளைங்க சும்மா கேட்டுகினு இருக்குமா? அப்பப் பாக்கணும் நீங்க. எவ்ளோ நாளா வராத வார்த்தையெல்லாம், அடிபட்ட கோழி மாதிரி நொண்டிகினே வெளிய ஓடி வருது. தொப்பியப் பாத்து அவளுக்குத் தெரிஞ்சிச்சான்னு ஒருத்தன். அழுதாளான்னு ஒருத்தி. புள்ள இல்லியே, யாரு கொள்ளி வச்சாங்கன்னு இன்னொருத்தி. அங்க எரிக்க மாட்டாங்க, பொதைப்பாங்கன்னு அந்தம்மா சொல்லுச்சு. ஒடனே மீசைக்காரன், கைய ரெண்டு பக்கமும் காட்டி, எந்தக் கரையிலன்னு கேட்டான்.

அந்தம்மா புஸ்தகத்த எடுத்துப் பெரட்டுச்சு. புஸ்தகத்துல அது இல்ல போல. "இந்தக் கரையில. அவளே படகுல ஏத்திகினு வந்தா"ன்னு சொல்லுச்சு. ரூமு பூரா ஒரு பெருமூச்சு. எப்படியோ ஆத்தத் தாண்டிட்டான்னு ஆறுதலு.

அப்பறம் ஓடக்காரி நடு ஆத்துல படகுலயே நின்னா, நின்னு நின்னு கல்லாயிட்டா, அந்தக் கல்லு இன்னிக்கும் இருக்குதுன்னு சொல்லி, அவ்ளோதான் கதைன்னு எழுந்துது.

யாரும் அசையல.

"இ தெஸ்புவேஸ்?"ன்னு எல்லாரும் ஒண்ணா கேட்டாங்க.

முடிஞ்சிடுச்சுன்னு அந்தம்மா வெறும் கையக் காட்டுது. கல்லாவுறதும் சாவுதானே, அதுல எப்படி நிறுத்துறதுன்னு அந்தப் பொண்ணு கேக்குது. மேனேஜரு எங்கிட்ட வந்து, "அம்மகாரு, நீங்களாவது சொல்லுங்க, பிளேன் போயிடும்"னாரு. "நானும் சாவுல எழுந்து எப்படிப்பா போறது? எனக்கும் வூடு வாசலு கீது"ன்னேன்.

அந்தம்மா சன்னலுக்கு வெளியப் பாத்துச்சு. கீழ வளையலு கடையில யாரோ கல்யாணப் பொண்ணுக்கு கை நெறைய வளையலு போட்டுகினு இருந்தாங்க. திரும்பி, சிரிச்சிகினே சொல்லுச்சு. அந்த ஊர்ல கல்யாணம் நடந்தா, பொண்ணும் மாப்பிள்ளையும் படகுல போயி அந்தக் கல்லச் சுத்தி வருவாங்களாம். கல்லு மேல பூவு போடுவாங்களாம். அன்னிக்கு யாரு வேணும்னாலும் இலவசமா ஆத்தத் தாண்டலாமாம்.

வாயத் தொறக்காதன்னு எம் பொண்ணு சொன்னது எனக்கு நெனப்புல இருந்துது. இருந்தாலும், "கல்யாணத்துல இன்னா சாப்பாடுன்னு கேளுமே"ன்னேன். வரதய்யபாளையத்துப் பொண்ணு அப்படியே கேட்டுடுச்சு. ஆட்டுக்கறி, மீனுன்னு அந்தம்மா பதிலு சொல்லுச்சு.

அவ்ளோதான். "ஸீ, ஸீ", ஆமா ஆமான்னு எல்லாரும் எழுந்து, வணக்கம் சொல்லி, செருப்பத் தேட ஆரம்பிச்சிட்டாங்க. மேனேஜரு சுண்டலு வாங்கி நின்னுகினே துன்னாரு. அப்பதான் அவருக்கு ரத்தம் மொகத்துக்கு வந்துச்சு.

படியில எறங்கும்போது அந்தம்மா எம் பொண்ணு கையப் புடிச்சிகினு சொல்லுச்சாம், "இவங்க பேச்சுல இலக்கணம் சரியில்ல, நேத்தும் இல்ல, நாளைக்கும் இல்ல, எல்லாம் இன்னிக்குதான். ஆனா நான் போற எடத்துல எல்லாம் கேட்டதுக்குப் பதிலு சொல்லுவாங்க. என்ன யாரும் கேள்வி கேட்டதில்ல. கேள்வி கேக்குறவங்கதான் மிஷின் கத்துக்குவாங்க. கிளாஸு நடக்கட்டும்." வரதய்யபாளையத்துப் பொண்ணும் மீசைக்காரனும் இன்னும் சில பேரும் அந்த தேசத்துக்குப் போறதுன்னு முடிவாச்சு. மேனேஜரு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. இனிமே பாரின்ல இருந்து யாரு வந்தாலும், அதுக்கு முன்னால கதைய முழுசா படிச்சி முடிச்சிடணும்.

எம் பொண்ணு மேல வந்து பெஞ்சில ஒக்காந்தா. அப்பறம், "சுண்டலு மிச்சம் கீதா?"ன்னா. துன்னுகினே பெங்களூருக்குப் போன் போட்டு, "நான் வரல. வேணும்னா நீ லீவு போட்டுட்டு வா"ன்னு மருமவன்கிட்ட சொன்னா. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் கேக்கல.

அடுத்த லீவு நாள்ல கடைசிப் பாகத்த வரி வரியா படிச்சாங்க. வரதய்யபாளையத்துப் பொண்ணு கடைசி பக்கத்த முன்னாலயும் பின்னாலயும் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"மேடம், கல்யாணம் எங்க?"

"புஸ்தகத்துல இல்ல"ன்னா எம் பொண்ணு.

"அப்ப அந்தம்மா சொன்னது?"

"ஒங்கள எழுப்பி அனுப்பணுமே, அதுக்கு சொல்லிகீறாங்க."

"பிளேனுக்கு நேரமாச்சுன்னா நமக்கே கூட கல்யாணம் பண்ணி வப்பாங்க"ன்னான் மீசைக்காரன்.

அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. "பரவால்ல மேடம். அடுத்த பேட்சுக்கும் சொல்லுங்க. கல்லாண்ட நிறுத்திடாதீங்க."

எம் பொண்ணு அந்தப் பேச்சத் தட்டல. அதுக்கப்பறம் வந்த ஒவ்வொரு பேட்சுக்கும், கடைசி பக்கம் படிச்சி புஸ்தகத்த மூடிட்டு, கல்யாணத்த வாயால சொல்லுவா. நானும் கடைசி பெஞ்சில இருந்து சாப்பாட்ட மட்டும் கேப்பேன். பேட்சுக்கு பேட்சு எல கொஞ்சம் பெருசாவுது. ஆட்டுக்கறி, மீனோட நின்னுகினு இருந்தது, போன பேட்சுல புளியோதரையும் வடையும் வந்துடுச்சு. ஸ்பெயின் தேசத்துல புளியோதரை செய்வாங்களான்னு ஒரு பையன் கேட்டான். "ஏன், அன்னிக்கு யாரு வேணும்னாலும் ஆத்தத் தாண்டலாமே, இதுவும் நம்ம ஊர்ல இருந்து தாண்டிதான் வருது"ன்னேன்.